முதுகில்லாத கவசம்

தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன். தலையில் வெள்ளிநிறத் தலைக்கவசம். மார்பில், நீலப் பிளாஸ்டிக் பீப்பாவை அறுத்துச் செய்த தகடு. அதன் நடுவில் ஆட்டோவின் சிக்னல் விளக்கு ஒன்று மஞ்சளாக அணைந்து அணைந்து எரிந்தது. மூச்சு விட்டால் கண்முன்னால் ஆவி படர்ந்தது. மூச்சை அடக்கினால்தான் மலை தெரிந்தது.

எனக்குப் பின்னால், கூடைகளை முதுகில் போட்டுக்கொண்டு, கொழுந்து எடுக்கும் பெண்கள் ஒரு படைபோல நின்றார்கள். படைத்தலைவன் நான். எழுபதைத் தாண்டியவன். ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியன். இடது முழங்கால் பேச்சைக் கேட்காது.

“மாஸ்டர், உள்ள நீங்கதானே?” என்று கேட்டார் தனலெட்சுமி. அந்தப் பெண்களுக்கெல்லாம் மூத்தவர், வாயும் கையும் வேகமானவர்.

“நான்தான்” என்றேன். தலைக்கவசத்துக்குள் அது “ஙாங்ஙாங்” என்று ஒலித்தது.

“அப்ப போங்க. நீங்க முன்னாடி போனா நான் பின்னாடியே வர்றேன்.”

அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு விஷயம் அவருக்குத் தெரியாது. அந்தக் கவசத்துக்கு முதுகு கிடையாது.

மரியாதையான வாரங்கள் முடிந்தன

இந்தத் தொடரில் இதுவரை பள்ளிக்கூடம், பரீட்சை, இடமாற்றம் என்று மரியாதையான விஷயங்களையே எழுதி வந்தேன். டயகமவிலிருந்து ஒரு வாசகர், ‘மாஸ்டர் வாழ்க்கையில் தவறே செய்ததில்லை போலிருக்கிறது’ என்று எழுதியிருந்தார். அது பாராட்டா என்று இரண்டுமுறை படித்துப் பார்த்தேன். பாராட்டு இல்லை.

ஆகவே இந்த வாரம் அவருக்காக. இது இளமைக்காலத்துத் தவறு அல்ல. நரைத்துப்போய், பல் கட்டி, பேரப்பிள்ளைகளுக்குத் தொலைபேசியில் புத்தி சொல்லும் வயதில் செய்தது. வெள்ளிச் சாயம் இன்னும் என் நகக்கண்ணில் இருக்கிறது.

பொட்டலக் காகிதத்தில் வந்த வீரர்கள்

வேர் மட்டும் பழையது. நான் பூண்டுலோயாவில் முதல் நியமனம் பெற்றுப் போனபோது, அங்கே தோட்ட நிர்வாகிகளான துரைமார்கள் கூடும் பழைய கிளப் ஒன்றை இடித்தார்கள். அதிலிருந்த ஆங்கிலப் புத்தகங்களை ஒரு தேநீர்க்கடைக்காரர் நிறுத்து வாங்கினார். வடை மடித்துக் கொடுக்க.

நான் வடையை விட்டுவிட்டுக் காகிதத்தைத் தின்றேன். எல்லாம் விண்வெளிக் கதைகள். அட்டையில் இரும்புச் சட்டை அணிந்த ஒருவன், சிவந்த மண்ணில் காலைப் பரப்பி நிற்பான். பின்னால் இரண்டு நிலா. கடைக்காரர் எப்போதும் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து கிழிப்பவர் என்பதால், எந்தக் கதைக்கும் முடிவு கிடைக்கவில்லை. அந்த வீரர்களில் சிலர் இறங்க இடமில்லாமல் இன்னும் என் தலைக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. விஞ்ஞான ஆசிரியர் என்றால் தவளையின் இதயம், சோடியம், ஒளிமுறிவு. அவர் கண்ணாடிமுன் நின்று காலைப் பரப்பிப் பார்ப்பவர் என்று தெரிந்தால் வகுப்பு என்னாகும்?

ஓய்வுபெற்ற பிறகு மகன் ஒரு நல்ல தொலைபேசி அனுப்பினான். அதில் பார்த்த ஒரு வீடியோவில், வேறு நாட்டில், என்னைவிடத் தொப்பை பெரிதான ஒரு கிழவர் ஸ்பொஞ்சையும் பசையையும் வைத்து முழு விண்வெளிக் கவசம் செய்து போட்டுக்கொண்டு, தன் வீட்டுக் குப்பை வாளியை வெளியே வைக்கப் போனார். எவ்வளவு கம்பீரமாகக் குப்பை வாளியை வைத்தார்!

அன்று எனக்குப் புத்தி கெட்டது.

நிஸாம் நானாவுக்குச் சொன்ன பொய்கள்

லிந்துலை டவுனில் நிஸாம் நானாவின் ஹார்ட்வெயார் கடை இருக்கிறது. ஆணி முதல் ஆட்டுக்கல் வரை எல்லாம் கிடைக்கும். எதை வாங்கினாலும் என்னத்துக்கு என்று கேட்காமல் நானா பில் போடமாட்டார்.

நீலப் பீப்பா வாங்கினேன். “தண்ணிக்கா மாஸ்டர்?” “ஓம், தண்ணிக்கு.”

பெட்டிகளுக்குள் பொதிந்து வருமே, அந்த வெள்ளை ரெஜிபோம் அட்டைகள் வாங்கினேன். “என்னத்துக்கு மாஸ்டர்?” “கூரைக்குக் கீழ அடிக்க. குளிர்.”

வெள்ளிச் சாயம் வாங்கினேன். “கேட்டுக்கா?” “ஓம், கேட்டுக்கு.” எங்கள் வீட்டுக்குக் கேட் இல்லை. நானாவுக்கும் அது தெரியும். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் சாயத் தகரத்தைப் பார்த்தேன்.

கடைசியாக ஒரு சின்ன ஒலிபெருக்கி வேண்டும் என்றேன். தலைக்கவசத்துக்குள்ளிருந்து இயந்திரக் குரலில் பேசவேண்டும் என்பது என் ஆசை. நானா அலுமாரிக்கடியிலிருந்து ஒரு பழைய பெட்டியை எடுத்து ஊதித் தூசு தட்டினார். பாட்டுப் போட்டுக்கொண்டு ஆட்டோவில் பாண் ரொட்டி விற்கிறவர் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு விட்டுப்போனதாம்.

“நல்லா வேல செய்யும். ஆனா மாஸ்டர், இதுல ஒரு பாட்டு ஈக்கி. பாண் பாட்டு. அது உள்ளுக்கே ஈக்கிற, கழட்ட ஏலாது. இந்தப் பக்கம் சுவிச்சைப் போட்டா நீங்க பேசலாம். அந்தப் பக்கம் போட்டா பாண் வித்துருவீங்க.”

“கோயில்ல அறிவிப்புச் செய்ய” என்றேன், அவர் கேட்காமலே.

“நல்ல விஷயம்” என்றார் நானா. அவர் சிரிக்கவில்லை. அதுதான் அவருடைய நல்ல குணம்.

வீட்டுக்குள் ஒரு பக்தி

எங்கள் வீடு தோட்டத்தின் ஓரத்தில், தார் ரோட்டுக்கு மேலே இருக்கிறது. பின்பக்கம் விறகு அறை. தினமும் பின்னேரம் நான் அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.

“உள்ள என்ன செய்றீங்க?” என்று என் மனைவி பரமேஸ்வரி முதல்நாள் கேட்டபோது, பதற்றத்தில் உண்மையையே சொல்லிவிட்டேன். “கவசம்.”

அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். அடுத்தநாள் விறகு அறை வாசலில் ஒரு சொம்புத் தண்ணீரும் விபூதித் தட்டும் இருந்தன. நாற்பது வருடமாகக் கோயிலுக்குக் கூப்பிட்டால் செருப்பைக் காணோம் என்று சாக்குச் சொல்லும் மனிதன், கதவைச் சாத்திக்கொண்டு கவசம் படிக்கிறான் என்று நினைத்துவிட்டாள். சத்தம் போடாதீங்க, அவர் கவசத்தில இருக்கார் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வது எனக்கு உள்ளே கேட்டது. நான் உள்ளே அரிவாளால் பீப்பா அறுத்துக்கொண்டிருந்தேன்.

அவள் அரிசி கழுவும் பச்சைப் பேசின் காணாமல் போனதையும் அந்த நாட்களில்தான் கண்டுபிடித்தாள். அதை இரண்டாக அறுத்தால் இரண்டு அருமையான தோள்பட்டைகள் வரும் என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

மார்புக்குப் பீப்பா. வயிற்றுக்கு ரெஜிபோம், மேலே வெள்ளிச் சாயம். முழங்காலுக்குச் சிரட்டை. தலைக்கு என் பழைய மோட்டார்சைக்கிள் ஹெல்மெட். கைக்கு, கம்பி வேலி கட்டும்போது போடும் தடித்த உறை. இடுப்பில் நானாவின் ஒலிபெருக்கி, முதுகைச் சுற்றி அதன் பற்றரி வயர்.

முதுகுக்கு ஒன்றும் செய்யவில்லை. காரணம் எளிமையானது. எங்கள் வீட்டுக் கண்ணாடியில் முன்பக்கம்தான் தெரியும்.

பின்பக்கமாக நடந்தவன்

ஒரு காலையில், பனி இன்னும் எழும்பாத நேரம், எல்லாவற்றையும் ரப்பர் பட்டிகளால் மாட்டிக்கொண்டு வீட்டின் பின்னால் வந்து நின்றேன். தேயிலை மலை முழுக்க ஈரம். காலைப் பரப்பினேன். விளக்கைப் போட்டேன். இரண்டாவது நிலா மட்டும்தான் குறை.

“அம்மாடி!”

குறுக்குப் பாதையில் பெண்கள் நின்றார்கள். காலைப் பெரட்டுக்குப் போய், வேலை பிரித்துக் கொடுத்த பின் மலைக்குத் திரும்பும் வழி அது. இதை நான் மறந்துபோனேன்.

“யார்ரா அது?” என்றாள் ஒருத்தி.

“பேசலன்னா கல்லெடுத்துப் போடுவோம்” என்றாள் இன்னொருத்தி.

“நான்தான், மாஸ்டர்” என்றேன், ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு.

 தனலெட்சுமி முன்னால் வந்து, என் மார்பை விரலால் தட்டிப் பார்த்தார். டொக், டொக் என்றது.

“என்ன மாஸ்டர் இது?”

விளையாட்டு என்று சொல்லியிருக்கலாம். ஒரே சொல். சிரித்திருப்பார்கள், ஒரு வாரம் கேலி செய்திருப்பார்கள், முடிந்திருக்கும். நான் நிஸாம் நானாவின் கடையில் பழகியவன். கேள்வி வந்தால் காரணம் தானாக வரும்.

“குளவிக்கு” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை.

அந்த வருடத்து மழைக்காலத்துக்கு முன்தான், மேல்மலையில் டர்பன்டைன் மரத்திலிருந்த குளவிக்கூடு கலைந்து, கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களைக் கொட்டியிருந்தது. எல்லோரிலும் அதிகம் கொட்டு வாங்கியவர் தனலெட்சுமி. முகம் வீங்கிக் கண் திறக்கவில்லை. மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரியில் ஊசிமேல் ஊசி. இன்னொருமுறை கொட்டினால் தாங்காது, கூட்டுப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அதன்பின் அந்த மலையில் ஒருவரும் கால் வைக்கவில்லை.

அந்தத் தனலெட்சுமிதான் இப்போது என் தோளிலிருந்த அரைப் பேசினைத் தடவிப் பார்த்தார். கோயில் தேரைத் தொடுவதுபோல.

“எங்களுக்காகவா செஞ்சீங்க?”

 தலைக்கவசம் தானாகவே ஆடியது. மேலும் கீழுமாக.

அவர்கள் போகக் காத்திருந்தேன். போகவில்லை. திரும்பி நடந்தால் பழைய பெனியன் தெரியும். ஆகவே கையெடுத்துக் கும்பிட்டு, பின்பக்கமாகவே அடியடியாக நடந்து, விறகு அறைக்குள் போய்ச் சேர்ந்தேன்.

“பார்த்தியா, சாமி சன்னதியில இருந்து வர்ற மாதிரி நமக்கு முதுகு காட்டாம போறாரு” என்று ஒருத்தி சொன்னது கேட்டது. “படிச்சவங்க படிச்சவங்கதான்.”

கண்டாக்கு வந்தார்

சாப்பாட்டு வேளைக்குள் செய்தி தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. பின்னேரம் மோட்டார்சைக்கிளில் கண்டாக்கு வந்து இறங்கினார். மலைவேலைகளை மேற்பார்வை செய்பவரைத்தான் கண்டாக்கு என்போம். இவர் இளம் பிள்ளை. தொப்பியை வீட்டுக்குள்ளும் கழற்றமாட்டார்.

“மாஸ்டர், பெரிய மனுசன் நீங்க. துரைகிட்டச் சொல்லிட்டேன். அவருக்கு ரொம்பச் சந்தோசம்.”

“எதுக்கு?”

“நாளைக்குக் காலையில நீங்க சட்டையப் போட்டுக்கிட்டு மரத்தடியில புகை போடுறீங்க. கூடு கலைஞ்சுரும். அப்படியே பொம்பளைங்க கொழுந்து எடுக்க ஏறிருவாங்க. அந்த மலையில கொழுந்து முத்திப்போய்க் கெடக்கு மாஸ்டர்.”

“அவங்க வரமாட்டாங்களே.”

“வரலன்னா அரைப்பேர்தான்னு சொல்லிட்டேன்.” அரைப்பேர் என்றால் பாதிநாள் கூலி. “தனலெட்சுமி அக்காவே சரின்னுருச்சு. மாஸ்டர் போனா நானும் போறேன்னுச்சு. அது வந்தா எல்லாம் வரும்.”

பகலில் குளவிக் கூட்டைக் கலைக்கக்கூடாது. புகையும் சத்தமும் அவற்றை வெறிபிடிக்க வைக்கும். இதை வகுப்பில் நானே படம் வரைந்து சொல்லிக் கொடுத்திருக்கிறேன். தொண்டைவரை வந்தது. ஆனால் அதைச் சொன்னால், அப்ப எதுக்கு மாஸ்டர் இந்தச் சட்டை என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, “எத்தனை மணிக்கு?” என்று கேட்டேன்.

பாவாடை நாடா

காலையில் ரப்பர் பட்டி ஒன்று அறுந்துவிட்டது. வேறு வழியில்லாமல் பரமேஸ்வரியைக் கூப்பிட்டேன்.

விறகு அறை வாசலில் நின்று என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். பச்சைத் தோள்களில் அவள் கண் நின்றது.

“கவசம் கவசம்னு சொன்னது இதையா?”

“ஓம்.”

“நான் கோயில் ஐயர்கிட்ட வேற சொல்லி வச்சிருக்கேன்.”

“பட்டி அறுந்துபோச்சு பரமு. கொஞ்சம் கட்டிவிடு.”

அவள் உள்ளே போய் இரண்டு பாவாடை நாடாக்களை உருவிக்கொண்டு வந்தாள். என் முதுகில் வரிசையாக முடிச்சுப் போட்டாள். ஒவ்வொன்றும் பள்ளிக்கூடப் பிள்ளையின் சடைபோலப் பூமுடிச்சு. ஹெல்மெட்டின் வாரையும் ஒரு நாடாவால் இறுக்கினாள்.

“பின்னாடி ஒன்னும் இல்லையே” என்றாள்.

“போர்வை போட்டுக்கொள்கிறேன்.”

“குளவி போர்வைக்கு மேலதான் உக்காருமா?”

சிவப்புப் போர்வையைத் தோளில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். கண்ணாடியில் பார்த்தபோது, குற்ற உணர்ச்சி இருந்த அதே நெஞ்சில், போர்வை இன்னும் எடுப்பாக இருக்கிறது என்றும் தோன்றியது. இதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

மேல்மலை

பெண்கள் என் ஹெல்மெட்டில் விபூதி பூசினார்கள். கையில் புகைச்சட்டி கொடுத்தார்கள். ஒரு பால்மாத் தகரத்தில் தேங்காய்மட்டைத் தணல். கண்டாக்கு தன் மோட்டார்சைக்கிளை ஏற்கனவே கீழ்நோக்கித் திருப்பி நிறுத்தியிருந்தார். அதைப் பார்த்தபோதே நான் யோசித்திருக்கவேண்டும்.

தொடக்கத்தில் நான் சொன்ன இடம் இதுதான். “நீங்க முன்னாடி போனா நான் பின்னாடியே வர்றேன்.”

ஏறினேன். சிரட்டைகள் முழங்காலில் டக் டக் என்றன. விளக்கு எரிந்து அணைந்தது. எனக்குப் பின்னால் தனலெட்சுமியின் மூச்சுச் சத்தம். ஒவ்வொரு அடியிலும், இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அந்தச் செடி வரட்டும், அந்தக் கல் வரட்டும் என்று தள்ளிப்போட்டேன். மரம் வந்துவிட்டது. உயரத்தில் கறுப்பாக, ஒரு கூடையளவு, கூடு தொங்கியது. அது மெல்ல அசைவதுபோலிருந்தது. அசைந்தது கூடு அல்ல, அதன்மேல் மூடியிருந்த குளவிகள்.

நான் சொல்லவில்லை. என் முதுகுதான் சொன்னது.

கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கிளை ஒன்று போர்வையைப் பிடித்துக்கொண்டது. இழுத்தேன். முடிச்சு அவிழ்ந்து போர்வை செடிமேல் விழுந்தது. காற்று நேராக என் பெனியன் ஓட்டைகளுக்குள் புகுந்தது.

 பின்னால் தனலெட்சுமியின் குரல், மிகத் தாழ்வாக:

“மாஸ்டர். பின்னாடி ஒன்னுமில்லையே.”

போர்வையை எடுக்கக் குனிந்தேன்.

“பாவாடை நாடாவுல பூமுடிச்சு போட்டிருக்கே மாஸ்டர். குளவி முன்னாடி மட்டும்தான் வருமா?”

விளக்கம் சொல்லவேண்டும் என்று பதறி, இடுப்பிலிருந்த ஒலிபெருக்கிச் சுவிச்சைத் தட்டினேன். தடித்த கையுறை. தவறான பக்கம்.

பாண் பாட்டு தொடங்கியது.

அந்த மெட்டை இந்த நாட்டில் அறியாதவர் இல்லை. விடியக்காலை எந்தத் தெருவிலும் பசியைக் கிளப்புவது. மலைக்குக் கீழே தொழிலாளர் லயத்தில் நாய்கள் குரைத்தன. கதவுகள் திறந்தன. “பாண்காரரே! நில்லுங்க! இங்க ரெண்டு கிம்புலா பனிஸ்!” என்று ஒரு ஆண்குரல் மலையேறி வந்தது.

மேலே கூட்டின் இரைச்சல் மாறியது. அதுவரை முணுமுணுப்பு. இப்போது அதட்டல்.

நான் சுவிச்சைத் தடவினேன். கையுறைக்குள் விரல் மரக்கட்டை. “ஓடுங்க! கீழ ஓடுங்க!” என்று கத்தினேன். உள்ளிருந்து “ஙோஙுங்ங” என்றுதான் வந்தது. எல்லோருக்கும் முன்னால் கண்டாக்கு ஓடினார். பெண்கள் கூடைகளோடு சரிந்து இறங்கினார்கள்.

தனலெட்சுமி ஓடவில்லை. சேலைத் தலைப்பை முகத்தில் சுற்றிக்கொண்டு, நேராகக் கூட்டுக்கடியில் வந்து, என் முதுகுக்குக் குறுக்கே போயிருந்த வயரைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தார். பாட்டு நின்றது. அதே கையால் என் பாவாடை நாடாவைப் பிடித்து, மாட்டை இழுப்பதுபோல, மலையிலிருந்து என்னை இழுத்து இறக்கினார்.

கொட்டு

ஒருவருக்கும் கொட்டவில்லை. எனக்கு மட்டும் ஒன்று. எங்கே என்று வாசகர்கள் ஊகித்திருப்பீர்கள். நடுமுதுகில், பெனியனின் பெரிய ஓட்டையில், குறிபார்த்து வைத்ததுபோல.

கீழே தண்ணீர்ப் பீலியருகே உட்கார வைத்தார்கள். ஹெல்மெட் கழறவில்லை. பரமேஸ்வரியின் முடிச்சு நனைந்து இறுகிவிட்டது. ஆகவே நான் அதற்குள்ளிருந்தே, கண்ணாடியை மட்டும் தூக்கிவிட்டுச் சொன்னேன்.

“இது குளவிக்குச் செய்தது இல்லை. விளையாட்டுக்குச் செய்தேன். கதையில் வரும் வீரன்போல நிற்கவேண்டும் என்று ஆசை. வெட்கத்தில் பொய் சொன்னேன்.”

தனலெட்சுமி என் முதுகில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். 

“எனக்கு ரெண்டாந்தரம் கொட்டினா என்ன ஆகும்னு ஒங்களுக்குத் தெரியும்தானே மாஸ்டர்?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா கூட்டிட்டுப் போனீங்க?”

“தெரிந்துதான்.”

அவர் சுண்ணாம்பை ஒரு அழுத்து அழுத்தினார். நான் அலறினேன். அது எனக்கு வேண்டியதுதான்.

பிறகு சுற்றி நின்ற ஒருத்திக்கு வாய் பொறுக்கவில்லை. “ஆனா மாஸ்டர், பாட்டுக் கேட்டதும் எனக்கு நெசமாவே பசிச்சிருச்சு” என்றாள். அவ்வளவுதான். ஒருத்தி தொடங்கி எல்லோரும் சிரித்தார்கள். தனலெட்சுமி கடைசியாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். எதற்குத் துடைத்தார் என்று கேட்க எனக்கு முகமில்லை.

கண்டாக்கு தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்தார். “மாஸ்டர், துரைகிட்ட நான் என்னத்தச் சொல்றது?”

“நான் வந்து சொல்கிறேன்” என்றேன். “இப்படியே.”

சிமிட்டும் விளக்கு

மோட்டார்சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து தோட்டத்து ஒபிஸுக்குப் போனேன். அத்தனை வருடம் அந்தத் தோட்டத்தின் ஓரத்தில் குடியிருந்தும், துரையின் மேசைக்கு முன்னால் நின்று ஒருவருக்காகவும் நான் பேசியதில்லை. ஆசிரியருக்கு அது வேண்டாத வேலை என்று ஒதுங்கியிருந்தேன். அன்றும் வெறும் முகத்தோடு போயிருந்தால் பேசியிருப்பேனா என்று தெரியாது.

துரை சிங்கள இளைஞர். நல்ல மனிதர். நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

“மாஸ்டர்தானா? ஏன் இப்படி?”

எல்லாவற்றையும் சொன்னேன். பீப்பா, கேட் இல்லாத வீட்டுக் கேட்டுக்கு வாங்கிய சாயம், பொய், மலை. பிறகு, கூட்டை எடுக்கத் தெரிந்த ஆட்களைக் கூப்பிடுங்கள், அதுவரை ஒருவரையும் அந்த மலைக்கு அனுப்பாதீர்கள், அரைப்பேர் போடாதீர்கள் என்றேன்.

அவர் யோசித்தார். மேலதிகாரிகளிடம் கேட்கவேண்டும், செலவு இருக்கிறது என்று தொடங்கினார். ஆனால் அவருடைய கண் என் மார்பைவிட்டு நகரவில்லை.

“மாஸ்டர், அந்த லைட்டைக் கொஞ்சம் நிப்பாட்ட முடியுமா? எனக்குத் தலை சுத்துது.”

“நிற்காது துரை. சுவிச்சிலேயே கோளாறு.”

மஞ்சள், இருட்டு, மஞ்சள், இருட்டு. நான் நகரவில்லை. காலைக்கூடச் சற்றுப் பரப்பியிருந்தேன்.

“சரி, சரி மாஸ்டர்” என்றார் கடைசியில், கையால் கண்ணை மறைத்துக்கொண்டு. “ஆள் கூப்பிடுறேன். முழுப்பேர் போடச் சொல்றேன். நீங்க முதல்ல வீட்டுக்குப் போங்க.”

அந்த வாரமே ஆட்கள் வந்தார்கள். இருட்டிய பிறகு முறையாக ஏறி, ஒரு சத்தமில்லாமல் கூட்டை எடுத்துப் போனார்கள். அவர்களுடைய சட்டைக்கு முதுகு இருந்தது.

கொக்கி பாவிக்க வேண்டாம்

கவசத்தை விறகு அறையில் மூலையில் போட்டுவிட்டேன். எரிக்கலாம் என்று நினைத்தேன். பிளாஸ்டிக் நாறும் என்று பரமேஸ்வரி தடுத்தாள்.

சில வாரம் கழித்து, வேலைவிட்டுப் போகிற வழியில் தனலெட்சுமி வாசலில் வந்து நின்றார். கையில் ஏதோ சுருட்டி வைத்திருந்தார்.

“இந்தாங்க. நாங்க எல்லாரும் சேர்ந்து தைச்சோம்.”

விரித்தேன். உரச்சாக்கு. இரண்டு மூன்று மடிப்பாக வைத்து, சாக்கூசியால் நெருக்கமாகத் தைத்து, ஓரத்தில் புதுநாடா கட்டியிருந்தார்கள். என் முதுகின் அளவு. அளவு எடுக்க அவர்களுக்கு வேண்டிய நேரம் கிடைத்திருந்தது.

“எதுக்கு அம்மா இது?”

“தோட்டத்து வெளையாட்டு விழாவுல மாறுவேசப் போட்டி இருக்கே. போட்டுட்டு வாங்க. இவ்வளவு பாடுபட்டுச் செஞ்சுட்டு மூலையில போட்டா எப்படி?” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நான் ஒங்கள மன்னிச்சிட்டேன்னு நெனைக்காதீங்க. அது வேற. இது வேற.”

“சரி” என்றேன்.

போட்டியன்று மைதானத்தில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பாம்பாட்டி, பின்னால் ஒரு கர்ப்பிணிப் பெண்ணாக வேடம்போட்ட டிரைவர். என் முறை வந்ததும் நடுவில் போய்க் காலைப் பரப்பி நின்றேன். கைதட்டினார்கள். பிறகு, முதல்முறையாக, எல்லோருக்கும் முதுகைக் காட்டித் திரும்பினேன்.

மைதானம் குலுங்கியது. மூட்டை தூக்குகிறவர்களுக்காகச் சாக்கில் அச்சடித்திருந்த எச்சரிக்கை நேராக என் முதுகுக்கு நடுவில், பெரிய எழுத்தில் வரும்படி அவர்கள் தைத்திருந்தார்கள். ‘கொக்கி பாவிக்க வேண்டாம்.’

லிந்துலையிலிருந்து வந்திருந்த நடுவர் ஒருவர் ஒலிவாங்கியை நீட்டினார். “முதுகில் இது என்ன ஐயா?”

வேற்றுக் கிரகத்துச் சட்டம் என்று சொல்லலாம். வாய்வரை வந்துவிட்டது. கூட்டத்தில் தனலெட்சுமி இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றார்.

“உரச்சாக்கு” என்றேன். “விளையாட்டுக்குப் போட்டிருக்கிறேன்.”

கேட்டவுடனேயே உண்மையைச் சொல்வது அவ்வளவு கஷ்டமில்லை. முதுகு மூடியிருந்தால்.

மூன்றாம் பரிசு கிடைத்தது. நல்ல பெரிய மஞ்சள் பேசின். வீட்டுக்கு வரும் வழியில் அதை வெயிலில் பிடித்து, வளைவை மெல்லத் தடவிப் பார்த்தேன்.

“தொட்டீங்கன்னா தெரியும்” என்று கூட வந்த பரமேஸ்வரி பிடுங்கிக்கொண்டாள்.